தடி ஊன்றிய சைக்கிள்

"பேய், ஆவி என்று எதுவும் இந்த உலகத்தில் கிடையாது. இதை இப்பள்ளியின் தலைமையாசிரியர் என்ற முறையில் இன்று முதல் அறிவிக்கிறேன்."

காலை ஜெபக் கூட்டத்தில் தேவானந்தம் இப்படி முழங்கியபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேயைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. இதற்கு முந்திய அறிவிப்பு, பள்ளி எல்லைக்குள் யாரும் சினிமாப் பாட்டு முணுமுணுக்கக் கூடாது என்பது.

விஷயம் அவருடைய சைக்கிளில் இருந்தது.

சத்தமில்லாமல் வந்து ஜன்னலோரம் நிற்பதற்காகவே சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் விட்டு வைத்திருந்த சைக்கிள். பத்து நாளாக, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் அதில் ஒரு சத்தம். டக்... டக்... டக்... மிதித்தால் வரும், மிதிப்பதை நிறுத்தினால் நிற்கும். யாரோ தடி ஊன்றிக்கொண்டு கூடவே நடந்து வருவது போல.

கிழக்குத் தாம்பரத்து உச்சி வெயிலில், பனைமரங்கள் தம் நிழலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில், கல்லறைத் தோட்டத்து வேலியோரம் அது இன்னும் துல்லியமாகக் கேட்டது. அந்தத் தோட்டத்தில், மூன்றாவது வரிசையில், அசரியா இருந்தார்.

அசரியா இவருக்கு முந்திய தலைமையாசிரியர். கடைசி இரண்டு வருஷம் தடி ஊன்றி நடந்தவர். சைக்கிளும் அவருடையதுதான்; அவர் காலமானபின் தேவானந்தம் வாங்கிக்கொண்டார். பதவியேற்ற முதல் வாரமே, அறையில் மாட்டியிருந்த அசரியாவின் படத்தை இறக்கி, மேப் அலமாரிக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்தார். அதே ஆணியில் தம் படத்தை மாட்டினார். நல்ல ஆணியை வீணாக்குவானேன் என்று.

சத்தத்தைப் பிடிக்க அவர் மட்கார்டை முறுக்கினார். ஸ்டாண்டைச் சணல் போட்டுக் கட்டினார். பெல்லையே கழற்றினார். டக்... டக்...

கடைசியில் பள்ளி வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த துரையிடம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா சார் சத்தம்? எனுக்கு ஒண்ணும் கேக்கலியே."

"ஏறி ஓட்டிப் பாருப்பா."

துரை ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். டக்... டக்... டக்... தேவானந்தம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வெண்ணெ மாறி போவுது சார்," என்று இறங்கினான் துரை.

"செயின் கவரைத் திறந்து பார்."

துரை அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். திறந்தான், பார்த்தான், மூடினான். "உள்ள செயினு கீது. வேற இன்னா இருக்கும்?" கையைத் துணியில் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "பெரியவரு ஓட்டின வண்டி சார். மன்சுல எதுனா வச்சிகினு ஓட்டினா, காதுல அப்டித்தான் எதுனா கேக்கும்."

பக்கத்தில் டிரில் மாஸ்டர் சுந்தர்சிங்கும் ஜெயசீலி டீச்சரும் நின்றிருந்தார்கள்.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்லையே சார்," என்றார் சுந்தர்சிங். "எதுக்கும் நீங்க பிரஷர் செக் பண்ணிக்குங்க."

"நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன் சார்," என்றாள் ஜெயசீலி பரிவாக.

அதன் மறுநாள்தான் அந்த அறிவிப்பு. பேய் ஜெபக் கூட்டத்துக்கு வரவில்லை போலும். அன்று மத்தியானமும் டக் டக்கென்று கூடவே வந்தது. தேவானந்தம் சைக்கிளைத் திருப்பி, கல்லறைக்கு அந்தப் பக்கம் இருந்த அசரியாவின் வீட்டுக்கு விட்டார். அசரியாவின் மனைவி ரத்தினபாய் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயா ஓட்டும்போது இதுல சத்தம் ஏதாவது வருமா அம்மா?"

"வண்டியிலயா? பட்டு மாதிரி ஓடும். அவரு தடிதான் டக்கு டக்குன்னு சத்தம் போடும். தெருமுனையில கேக்கும்போதே காப்பியை அடுப்புல வச்சிடுவேன்."

"அந்தத் தடி இப்ப எங்கே?"

"பெட்டிக்குள்ளயே வச்சு அனுப்பிட்டோம் சார். அது இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரே."

சைக்கிள் அப்போதே முருங்கை மரத்தில் சாய்ந்தது. "இது இங்கேயே இருக்கட்டும் அம்மா. ஐயா நினைவா நீங்களே வச்சுக்குங்க." கல்லறைப் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

அன்று பள்ளி விட்டபின், அறைக் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி நாற்காலி மேல் ஏறினார். தம் படத்தை இறக்கினார். அசரியாவைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். "மன்னிக்கணும் ஐயா," என்றார்.

மறுநாள் மத்தியானம் ரப்பர் செருப்பில் நடந்தே வந்தார். கல்லறை வேலியோரம் காற்று மட்டும்தான். வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தவர், பழக்கதோஷத்தில் ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்றார். உள்ளே டிரான்சிஸ்டரில் சிலோன் ரேடியோ மெல்லச் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"அசரியா சார் படத்தை எதுக்குத் திடீர்னு மாட்டியிருக்காரு?" இது ஜெயசீலி.

"யாருக்குத் தெரியும். பெரிய மனசு," என்றார் சுந்தர்சிங், வாய் நிறையச் சுண்டலுடன்.

"மணி அடிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு. ரேடியோவை மூடுங்க சார், அவரு வந்துடப் போறாரு."

"உக்காருங்க டீச்சர். செயின் கவருக்குள்ள துரை தகரம் வச்சுக் குடுத்தது எதுக்கு? கல்லறைகிட்ட வரும்போதே டக்கு டக்குன்னு சொல்லிடும்."

தேவானந்தம் வாயைத் திறந்தார். தகரத்தைப் பற்றிக் கேட்டால் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சத்தமில்லாமல் இருபது அடி பின்னால் போய், பலமாக இருமிக்கொண்டே பள்ளிக்குள் நுழைந்தார்.