ஃப்ரெசியாவின் சுண்டு விரல்

"கண்ணைத் துடைக்காதீங்க ஐயா. அப்படியே கேமராவைப் பாருங்க" என்றாள் செய்தியாளர் ஹிமேனா.

ரிகோபெர்தோ துடைக்கவில்லை. கரிந்த அடுப்பின் முன் மண்டியிட்டு, கைக்கு வந்த சாம்பலை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கினார். அங்கே ஒரு வீடு இருந்ததற்கு அந்த அடுப்பு மட்டும்தான் சாட்சி. வால்பரைசோ துறைமுக நகருக்கு மேலே அந்தக் குன்று முழுக்கவே அப்படித்தான் கிடந்தது, அடுப்பும் நெளிந்த தகரமுமாக. பக்கத்து மனையில் யாரோ சாம்பல் மேட்டில் ஒரு தேசியக் கொடியை மட்டும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நிபால்டோ கேமராவைத் தோளில் வைத்து அவரை எடுத்துக்கொண்டிருந்தான். காட்டில் தீப்பிடித்த நாளிலிருந்து அவன் எடுத்ததெல்லாம் சாம்பலும் ஒப்பாரியும்தான். காலையில்கூட ஒருத்தி தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, "எங்க சாம்பலை வித்துத் திங்க வந்தியா, கழுகே?" என்று கத்தினாள்.

"உங்க வீட்டம்மா அப்போ உள்ளதான் இருந்தாங்களா?" ஹிமேனா கேட்டாள்.

"நான் துறைமுகத்துல வேலையில இருந்தேன்மா. ஓடி வந்தா, போலீஸ்காரங்க ரோட்டை மறிச்சு மேல விடலை. ஃப்ரெசியாவோட எலும்புகூடக் கிடைக்கலை. கிடைக்கலைன்னா உசுரோட இருக்கான்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லுங்க தம்பி, அப்படித்தானே?"

நிபால்டோ தலையாட்டி வைத்தான்.

"போட்டோ ஏதாவது இருக்கா ஐயா?"

"எல்லாம் இந்தா, இதுலதான் இருக்கு" என்று சாம்பலைக் காட்டினார். பிறகு கேமராவைப் பார்த்து அடையாளம் சொன்னார். "இடது புருவத்துல ஒரு தழும்பு. படியில விழுந்தா. முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும். குளிக்கிற இடத்துல விழுந்தா. வலது கை சுண்டு விரல் மடங்காது, குச்சி மாதிரி நீட்டிக்கிட்டே நிக்கும். அதுவும் விழுந்ததுதான்."

"அய்யோ, அவங்க கால் தரையிலேயே நிக்காது போலிருக்கே!" அவரை ஒரு நொடியாவது சிரிக்க வைக்கப் பார்த்தாள் ஹிமேனா.

அழுகைக்கு நடுவே அவரும் சிரித்துவிட்டார். "அவ அப்படித்தான்மா. எவ்வளவு சொன்னாலும் கேக்கமாட்டா."

வேனுக்குத் திரும்பியதும் நிபால்டோ எடுத்த படங்களையெல்லாம் முதலிலிருந்து ஓட்டினான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்காவது இந்தக் கேமரா எதையாவது திருப்பிக் கொடுக்கட்டும் என்றிருந்தது அவனுக்கு. ஹிமேனா நீட்டிய ரொட்டியைக்கூட அவன் தொடவில்லை.

முந்தின நாள் எடுத்த படம் ஓடியது. அடுத்த பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாம். சமையல் கூடத்தில் பெண்கள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கேமரா திரும்பும்போதெல்லாம் அதில் ஒருத்தி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் கை தெரிந்தது. மாவுக்கு வெளியே ஒரு சுண்டு விரல் குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"ஹிமேனா! இங்க வா, இங்க வா!"

பார்த்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! சரிண்ணே, உசுரோட இருக்கிறவங்க புருஷனுக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பயத்துல புத்தி கலங்கியிருக்கும். அந்த முகாம்ல பாதிப் பேருக்குத் தன் பேரே ஞாபகமில்லை."

ஹிமேனா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். "மதியச் செய்தியில நேரலை பண்ணிடுவோம். ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லவேணாம், வேன்ல ஏத்தி முகாம் வாசலுக்கே கூட்டிட்டுப் போய், வேன்ல இருக்கிற திரை முன்னாடி நிறுத்தி வைக்கிறேன். நீங்க உள்ள போய் அந்தம்மா முகத்தைக் காட்டுங்க. பாத்த மாத்திரத்துல ஓடி வருவார் பாருங்க. நாடே அழும்ணே!"

"அழட்டும். இந்தத் தடவை சந்தோஷமா அழட்டும்" என்றான் நிபால்டோ. பல நாளுக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மதியம் முகாமின் சமையல் கூடத்தில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்று மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நிபால்டோ கேமராவை ஓடவிட்டு, காதுக்கருவியில் ஹிமேனா "நேரலைக்கு வந்துட்டோம்" என்றதும் மெதுவாகக் கூப்பிட்டான்.

"ஃப்ரெசியா அக்கா?"

சட்டென்று திரும்பிவிட்டாள். புருவத்தில் தழும்பு. திறந்த வாயில் பாதிப் பல்.

"பயப்படாதீங்க அக்கா, நல்ல சேதிதான். உங்க வீட்டுக்காரர் உங்களைத் தேடி வெறுங்கையால சாம்பலைக் கிளறிக்கிட்டிருக்கார்."

அவள் முகம் வெளிறிப்போனது. சந்தோஷ அதிர்ச்சி என்றுதான் அவன் நினைத்தான். இன்னும் நெருங்கி, முகம் திரை நிறைய வரும்படி வைத்துக்கொண்டான். அவள் மாவுக் கையால் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்த ஒரு விரல் மட்டும் மடங்காமல் விலகி நின்றது.

காதுக்குள் ஹிமேனா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்: "அண்ணே, அசையாதீங்க! பாத்துட்டார்! வேன்லேர்ந்து குதிச்சு ஓடி வர்றார்!"

ஃப்ரெசியாவுக்கு அது கேட்கவில்லை. அவன் காதருகே வந்து கெஞ்சினாள்.

"தம்பி, நான் எரிஞ்சுபோயிட்டேன்னே அவன்கிட்ட சொல்லிடுங்க."