பைக்குக்கு எதுக்கு இவ்வளவு இடம்?

டெல்பர்ட் டிக்கெட்கூட வாங்காமல் நேராகப் புகாருக்கு வந்தார்.

"இருக்கறதுலயே அகலமான இடத்துல ஒரு பைக் நிக்குது. நீங்கள்லாம் என்னத்தப் பாக்கறீங்க?"

எர்லிண்டா எட்டிப் பார்த்தாள். அல்புகர்க்கி நகர நீச்சல் குளத்தில் கவுன்ட்டர் வேலை அவளுக்கு. அங்கிருந்து பார்த்தால் வண்டி நிறுத்துமிடம் தெரியாது.

வாசலை ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கென்று இரண்டே இடம். ஒன்று சாதாரண அகலம். மற்றது, வேனிலிருந்து சாய்பலகையை நீட்டிச் சக்கர நாற்காலியை இறக்குகிற அளவுக்குப் பெரியது. பைக் நின்றது அந்தப் பெரிய இடத்தில்.

அங்கே வண்டி நிறுத்த அனுமதி தருகிற நீல அட்டை, முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியது, தன்னிடமும் இருக்கிறது, ஆனாலும் டிரக்கைத் தெருவில் போட்டுவிட்டு நடந்து வருகிறேன் என்று டெல்பர்ட் பொருமினார்.

"அந்தாளு சின்னப் பையன் மாதிரி இறங்கிப் போறான். அட்டை யாரோடதுன்னு போய்ப் பாரு."

எர்லிண்டாவுக்கும் அறிய ஆவலாகத்தான் இருந்தது. பைக் ஓட்டத் தெம்பிருக்கிறவருக்கு அந்த அட்டை எதற்கு? அதுவும் காராக இருந்தால் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டலாம். பைக்கில் அதை எங்கே மாட்டுவது?

போய்ப் பார்த்தாள். நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடி மாதிரித் தெளிவாக. உள்ளே அட்டை. எண்ணும் காலாவதித் தேதியும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. சைக்கிள் பூட்டுகிற கம்பி வடம் ஒன்று பெட்டியையும் சட்டத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

லேசாக இழுத்துப் பார்த்தாள்.

"வராதும்மா. திருகாணித் தலையை எல்லாம் அரத்தால ராவிட்டேன்."

பின்னால் நின்றவரைத் தினமும் காலையில் குளத்தில் பார்த்திருக்கிறாள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் பாகா என்றார். முதல் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாராம், காற்று கொண்டுபோய்விட்டது. இரண்டாவதைச் சந்தையில் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்டை தருகிற அலுவலகத்தில் மறுபடி போய்க் கேட்டபோது, அட்டையை இவரே விற்றுவிட்டு வந்த மாதிரிப் பார்த்தார்களாம். அப்புறம்தான் இந்தப் பெட்டி.

கேட்காமலே அடையாளச் சீட்டையும் எடுத்து நீட்டினார். எல்லாம் அவர் பெயரில்தான் இருந்தது.

"நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது" என்றார்.

"அப்புறம் எப்படி பைக்?"

"உக்காந்து ஓட்ட எனக்குப் பெரிசா மூச்சு வேணாம்மா. நடக்கத்தான் வேணும்."

எர்லிண்டாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் முதல் ஆளாக வருகிறார். அப்போது இரண்டு இடமும் காலி. ஒல்லியான பைக்கை எதற்கு அந்தப் பெரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? அதைக் கேட்டதற்கு அவர் சிரித்தார். "அகலமா இருந்தா மனசுக்கு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெல்பர்ட் விடவில்லை. நகராட்சிக்கே எழுதப்போவதாக மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளர் எர்லிண்டாவைக் கூப்பிட்டு, அந்த ஆளிடம் பேசி இதை முடி, கேட்காவிட்டால் உறுப்பினர் சீட்டை ரத்து செய்துவிடலாம் என்றார்.

வியாழக்கிழமை பாகா வழக்கம்போல வாசல் பக்கத்து நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். குளத்தில் இறங்க அவருக்கு அவசரமே இருப்பதில்லை. எர்லிண்டா எதிரே போய் நின்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து அங்கே நிறுத்தக் கூடாது என்றாள். அட்டை இருப்பது சரிதான், ஆனால் உண்மையிலேயே அந்த அகலம் தேவைப்படுகிறவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும் என்றாள். குரலைக் கறாராகவே வைத்துக்கொண்டாள்.

அவர் கண் இவள் மேல் இல்லை. கதவுக்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பேசி முடிப்பதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா."

பேச்சுக்குப் பயந்து நழுவுகிறாரா? எர்லிண்டாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கண்ணாடி அருகே போய் நின்று பார்த்தாள்.

பைக்கைக் கிளப்பினார். பக்கத்து இடத்தில் அதற்குள் வேறு கார் இருந்தது. கடைக்கோடிச் சுவர் வரைக்கும் ஓட்டிப் போய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்து வரத் தொடங்கினார். கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு அடங்கியதும் நடந்தார். மறுபடி நின்றார்.

அதற்குள் காலியான இடத்தில் ஒரு வேன் வந்து நின்றது. சாய்பலகை மெல்ல நீண்டது. சக்கர நாற்காலியில் இறங்கி வந்தாள் நேடின். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரில் கால் பயிற்சிக்கு வருகிறவள்.

எர்லிண்டா கதவைத் திறந்து பிடித்தாள். இங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில் சிரமம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"முன்னாடி ரொம்பக் கஷ்டம். சுத்திச் சுத்திப் பாத்துட்டு எத்தனையோ நாள் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கேன். இப்ப கொஞ்ச நாளா எனக்கு நல்ல ராசி" என்று சிரித்தாள் நேடின். "நான் உள்ள நுழையற நேரம் பாத்து ஒருத்தர் பைக்கை எடுத்துட்டுக் கிளம்பறார். யாருன்னு தெரியலை. பாவம், எப்பவும் ஏதோ அவசரத்துலயே இருக்கார்."