வாசப்படி வரைக்கும் சர்க்கார்

"வழிய வுடும்மா! சர்க்கார் உத்தரவு!" என்று அதட்டினார் போலீஸ்காரர்.

சொக்கம்மாள் விடவில்லை. வாசற்படியின் குறுக்கே அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து சங்கரா மீனின் செதிளைச் சீவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்கார சர்க்கார் காலம். ராயபுரத்தில் அம்மை பரவி, அடுத்த தெருவில் இரண்டு சாவு. வீடு வீடாக அம்மை குத்தி வந்த ஞானம், இந்த வீட்டுக்கு மட்டும் கான்ஸ்டபிள் நீலமேகத்தைக் கூட்டி வந்திருந்தார். பின்கட்டில் குடியிருந்த பூவம்மா, குத்த வருகிறார்கள் என்றதுமே உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள்.

"அவள வெளிய வரச் சொல்லு," என்றார் ஞானம்.

"வரமாட்டேங்குது நைனா."

"வரலன்னா நான் போயி இஸ்துகினு வரேன்," என்றார் நீலமேகம்.

"அதெப்பிடி? சர்க்கார் ரோட்டு இந்தப் படியோட முடிஞ்சிபோச்சு. உள்ள கீறது எங்க வூடு. வூட்டுக்குள்ள கீறது அவ. அவ தோள்ல தொங்கறது அவ கை. எத்தினி படி தாண்டுவே நீ?"

நீலமேகம் ஒரு காலைத் தூக்கினார். சொக்கம்மாள் கொஞ்சம் வேகமாகச் சீவினாள், அவ்வளவுதான். செதிள் பறந்து அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. தெருவே சிரித்தது.

"அறிவு கெட்ட ஜனம்! உன்னால இந்தத் தெருவே சாகப் போகுது பாரு!" என்று கத்திவிட்டு ஞானம் நடந்தார். நீலமேகமும் மீசையைத் துடைத்தபடி பின்னாலேயே போனார்.

அவர்கள் போனதும், சிரித்தவர்களே ஏசினார்கள்.

"இன்னா சொக்கம்மா இது?" என்றாள் எதிர்வீட்டு ரஹீமுன்னிசா. "நாங்க அத்தினி பேரும் குத்திக்கினோம். உங்க ரெண்டு பேரு பயத்தால எங்க புள்ளைங்களுக்கு வந்தா?"

சொக்கம்மாள் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினாள்.

"பூவம்மா, தெற. அவங்க கெளம்பிப் பூட்டாங்க. நான் மட்டுந்தான்."

உள்ளே போனவள் பொழுது சாயும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, கடலோரக் கொட்டகையில் அம்மை குத்த மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஞானம் நிமிர்ந்து பார்த்தார். எதிரே பூவம்மா நின்றாள். பக்கத்தில் சொக்கம்மாள்.

ஞானத்துக்கு ஒரே குஷி.

"வழிக்கு வந்தியா? முதல்ல உனக்குத்தான். நேத்து பேசின பேச்சுக்கு நல்லா அழுத்திக் குத்தறேன். கைய நீட்டு!"

சொக்கம்மாள் முந்தானையை விலக்கிக் காட்டினாள். தோளுக்குக் கீழே அம்மை குத்திய தழும்புகள், பொருக்கு உதிர்ந்து ஆறியிருந்தன.

"திருவொத்தியூர்ல குத்திக்கினு மாசம் ஒண்ணாவுது. நேத்து இவளுக்குக் காட்டினேன்."

ஞானம் விழித்தார். "அப்போ நேத்து எதுக்கும்மா அந்த ஆர்ப்பாட்டம்?"

"ஊசிக்கா குறுக்க உக்காந்தேன்? போலீசுக்கு உக்காந்தேன்."

பூவம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தானே கையை நீட்டினாள்.