மூன்றாக உடைத்த பாஸ்வேர்டு

"உன்கிட்ட இருக்கிற பாஸ்வேர்டு துண்டை எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு," என்றார் முதலாளி.

கேஷியர் எழுதிக் கொடுத்தாள். 'போனை ஒட்டுக்கேக்குறீங்களா?' என்று கேட்டதற்கு வேலை போனதுதான் மிச்சம்.

கம்பெனி போன்களில் பேசுவதையெல்லாம் பதிவு செய்து ஒட்டுக்கேட்டது உண்மைதான். ரெய்டு வந்தாலும் சிக்கக் கூடாதென்று, பதிவுகளைத் துண்டு துண்டாக்கிப் பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் சிதறவிட்டிருந்தார். பாஸ்வேர்டையும் மூன்றாக உடைத்து, எதற்கென்று சொல்லாமல், கேஷியர், டிரைவர், ஸ்டோர்கீப்பர் மூவரிடமும் கொடுத்திருந்தார். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். அவர்கள் சேரவே மாட்டார்கள். போனில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டதை அவரே காதாரக் கேட்டிருக்கிறார்.

"டிரைவர்கிட்ட சொல்லிட்டுப் போறியா? உன் பேரைக் கேட்டாலே காறித் துப்புவான்."

"போன்ல மட்டும்தான் சார் துப்புவாரு. நீங்க கேக்குறது தெரிஞ்ச நாள்லேருந்து எங்க சண்டையெல்லாம் போன்லதான்."

அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"நேத்தே மூணு பேரும் துண்டுகளைச் சேர்த்து உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம், பதிவெல்லாம் திறந்துருச்சு. அவங்கவங்க பேச்சை அவங்கவங்ககிட்டயே கொடுத்தாச்சு. உங்க போனும் கம்பெனி போன்தானே சார். சின்ன வீட்டுக்கு நீங்க பேசினதெல்லாம் பெரிய வீட்டுக்குப் போயிருச்சு."

மேஜைமேல் அவர் போன் அடிக்கத் தொடங்கியது.

"எடுங்க சார். பதிவாகட்டும்."