ரிப்பனுக்குக் காத்திருந்த மோட்டார் கத்தி

குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கும் சதையைச் சீவி எடுக்க, ஓர் ஆஸ்பத்திரிக்கு மோட்டார் கத்தி வந்து இறங்கியது. வந்த நாளிலிருந்து கண்ணாடிப் பெட்டியை விட்டு அசையவில்லை.

ஒரு காலையில், மூன்று வயது ஆதிரையை மூச்சுத் திணறத் திணறத் தூக்கி வந்தார்கள்.

"இறங்கி வாங்க மகாராஜா, இது உங்க வேலை," என்றது பழைய இடுக்கி.

"அமைச்சர் இன்னும் ரிப்பன் வெட்டலையே, பெருசு! முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்படியா? அதுவரைக்கும் மூச்சு விடாம இருக்கச் சொல்லி அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் கையில் ஏறிய இடுக்கி, அரை மணி நேர வேலையை இரண்டு மணி நேரம் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி முடித்தது. மயக்கம் தெளிந்த குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டு அழுதாள்.

"நல்ல குரல்!" என்று மெச்சியது மோட்டார் கத்தி. "திறப்பு விழாவில எனக்கு நன்றி சொல்ல இவளையே கூப்பிடச் சொல்லு."