தலைகீழ் முத்திரை

“கை வைக்காதீங்க கிளாக்கரய்யா, கண்ணால மட்டும் பாருங்க” என்று மளிகைக் கடை லாபிர், கண்ணாடித் துண்டுக்கு அடியில் இருந்த முத்திரையை மேசைமேல் நகர்த்தினார்.

கணேசமூர்த்தி குனிந்து பார்த்தார். உலக யுத்த காலத்து ரெவினியூ முத்திரை. பழைய விலையை அடித்துவிட்டு மேலே புது விலையை அச்சடித்த வகைதான். அவரிடமே நாற்பது இருக்கிறது. ஆனால் இதில் புது விலை தலைகீழாக விழுந்திருந்தது. இலங்கை முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று அகப்படுமா என்பது சந்தேகம்.

அவருக்கு வயிறு எரிந்தது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருஷமாகக் கிளாக்கர். முத்திரை சேர்ப்பதில் ஹட்டன் வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். ஆல்பங்கள் வைக்க இடம் போதாமல், போன தை மாதம் பழைய காகிதங்களை எடைக்குத் தள்ளிவிட்டு ஆபீஸ் அலுமாரியையே காலி பண்ணியிருந்தார். மிளகாயும் மல்லியும் பொட்டலம் கட்டுகிற மனுஷர் கையிலா இது வந்து சேரவேண்டும்?

முத்திரையின் குறுக்கே மங்கிய மசியில் பாதிக் கையெழுத்து ஓடியது. முத்திரையில் பாதி, ரசீதில் பாதி விழும்படி கையெழுத்துப் போடுவதுதானே வழக்கம்.

“இதக் கண்ணு முன்னால வச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டிருக்கான் பாருங்க, எந்தக் குருட்டுப் பயலோ” என்றார் கணேசமூர்த்தி.

லாபிர் தேத்தண்ணியை உறிஞ்சினார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, கைமாறினால் சொல்கிறேன் என்றார். கைமாற என்ன வேண்டும் என்றதற்கு, கிளாக்கரின் பெரிய ஆல்பம் முழுசாக வேண்டும் என்றார்.

அது பதினைந்து வருஷச் சேகரிப்பு. கணேசமூர்த்தி கோபத்தோடு பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. லாபிரின் கடைக்கூரை ஒழுகி அந்த முத்திரை நனைந்து தொலையாதா என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார், மறுபடியும் நினைத்தார். கண்டியிலிருந்து ஒரு துரை அதைப் பார்க்க வருகிறாராம் என்று மனைவி பூரணி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

“ஒரு துண்டுக் காயிதத்துக்கா இப்படி வெந்து சாகுறீங்க?” என்றும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பத்தைச் சால்வையில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

“உங்ககிட்ட அது இருக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல லாபிர் நானா. இத எடுத்துக்குங்க.”

லாபிர் ஆல்பத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு முத்திரையைக் கொடுத்தார். கணேசமூர்த்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இனி இது லாபிரிடம் இல்லை. அது போதும் அவருக்கு.

“எங்க கெடச்சுதுன்னு கேட்டீங்கள்ல? பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கின பழைய காயிதக் கட்டுல இருந்துச்சு” என்று லாபிர் இழுப்பறையைத் திறந்தார். “முத்திரைய ஊற வச்சுக் கழட்டிட்டு, காயிதத்தப் பத்திரமா வச்சிருக்கேன். அதுவும் உங்களுக்குத்தான்.”

மிளகாய் நெடியடித்த அந்த ரசீதில், முத்திரை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. கணேசமூர்த்தி முத்திரையை அதன்மேல் பொருத்தினார். இரண்டு பாதிகளும் சேர்ந்து, வால் சுழித்த அவருடைய கையெழுத்தே முழுசாகத் தெரிந்தது.