வலிக்காத நெஞ்சு

“எனக்கு ஒண்ணுமில்லன்னு எத்தன வாட்டி சொல்லுதது?”

சிலுவை மேசையில் அடித்த அடியில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. பதினெட்டு வருசமாகச் சங்கு குளிக்கிற கை அது.

விக்டோரியா பேனாவை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து இதே பாட்டுத்தான். ‘உங்க வீட்டுக்காரரை உடனே கூட்டிட்டு வாங்க’ என்று போன் வந்ததும், மீன் கம்பெனியில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள். இந்த மனுசனை ஆட்டோவில் ஏற்றவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

டாக்டர் சுஜிதா ஈசிஜி தாளை விரித்தார். படகு முதலாளி கேட்ட உடல்தகுதிச் சான்றிதழுக்காக நாலு நாளைக்கு முன்னால் எடுத்தது. மேலே ‘சிலுவை, வயது 41’ என்று எழுதியிருந்தது. போன வருசம் பிரஷர் எகிறி, சான்றிதழுக்காக மூன்று மாதம் அலைந்தவன் சிலுவை. இந்தத் தடவை பிரஷர் ஒழுங்காக இருந்ததென்று அவளிடம் பெருமையடித்திருந்தான்.

“பிரஷர் பரவாயில்லை. ஆனா இதயத்துல ஒரு பக்கம் ரத்தம் சரியாப் போகலை” என்றார் டாக்டர். “ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லை.”

“அட்டாக்கு வந்தா வலிக்காதா? நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்திருக்க மாட்டனா?”

“எல்லாருக்கும் வலிக்காது. நம்ம உடம்பே அபினி மாதிரி ஒரு பொருளைச் சுரக்குது. இதயத் தசையும் சுரக்கும். என்கெஃபலின்னு பேரு. ரத்தம் குறையறப்ப இதயத்தைக் காப்பாத்தப் பார்க்கும். சிலருக்கு வலியையும் அமுக்கிடும். வலி இல்லாததாலயே அவங்க ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டாங்க.”

“அப்ப நெஞ்சுக்குள்ளயே ஒரு கடை தெறந்திருக்குன்னு சொல்லுதிய. காசு வாங்காம ஊத்திவிடுதான்!”

கதவோரம் நின்ற ரெக்சன் சிரித்தான். விக்டோரியாவின் அண்ணன். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் மேலே படகில் பிடிப்பது அவர்கள் வழக்கம். தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை. இருவரும் எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போவார்கள். சான்றிதழுக்கும் ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள்.

“சிரிக்கியா நீ?” விக்டோரியா அண்ணன் பக்கம் திரும்பினாள். “அதென்ன, ரெண்டு நாளா நெஞ்சப் புடிச்சுச் சொறிஞ்சிக்கிட்டே கெடக்க?”

“வேர்க்குருதான்ளா.” ரெக்சன் சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்தான். “மாப்ள நல்லாத்தான் இருக்கான், விடு.”

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “கயிறு புடிக்கிற நீயே இப்படிச் சொல்லலாமாண்ணே? நாளைக்கித் தண்ணிக்குள்ள நெஞ்சு நின்னுபோனா, பொணத்தையா இழுத்து எங்கிட்ட குடுப்ப?”

ரெக்சன் தரையைப் பார்த்தான்.

“இப்பவே மாடியில எக்கோ எடுத்துடலாம்” என்றார் டாக்டர். “லிப்ட் வேலை செய்யலை. இவரை நடக்க விடாதீங்க. சக்கர நாற்காலியில வச்சு, சரிவுப் பாதையில தள்ளிட்டுப் போங்க.”

சிலுவையின் முகம் வெளுத்தது. “இன்னொரு வாட்டி டெஸ்டா? ஒரு மண்ணும் வேண்டாம்!” என்று எழுந்தான்.

விக்டோரியா தன் தாலியில் கையை வைத்தாள். “போவும். போறதுக்கு முன்னால இத இங்கனயே கழத்தி வாங்கிட்டுப் போவும்.”

அவன் ரெக்சனைப் பார்த்தான். ரெக்சன் சுவரைப் பார்த்தான். கடைசியில் சிலுவை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

தள்ளுகிற ஆயாவைத் தேடிப் பார்த்தார்கள், காணவில்லை. ரெக்சனே பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

“என்ன மாப்ள, நாலு மூட்ட சங்கு கனம் கனக்க!” என்றான் முதல் வளைவில்.

இரண்டாவது வளைவில் பேச்சு நின்றுவிட்டது. நாற்காலி அங்குலம் அங்குலமாக ஏறியது.

“வெரசாத் தள்ளுண்ணே. அவரு உசுரு போயிரப் போவுது.”

ரெக்சனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி சிலுவையின் தோளில் விழுந்தது. சிலுவை திரும்பிப் பார்த்தான்.

“மச்சான், நெஞ்சு வலிக்குதாலே?”

“வலியெல்லாம்… ஒண்ணுமில்ல மாப்ள. மூச்சுதான்… கொஞ்சம்…”

சிலுவை நாற்காலியிலிருந்து குதித்தான். ரெக்சனின் தோளை இரண்டு கையாலும் பிடித்து, அதே நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தான். “டாக்டர்!” என்று கட்டடமே அதிரக் கத்தினான்.

“ஒமக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” விக்டோரியா பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒம்மளத்தான நடக்கக் கூடாதுன்னாவ! உக்காரும்!”

சிலுவை அசையவில்லை. ரெக்சனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். வயர் ஒட்டுவதற்காக மழித்த நெஞ்சில் முடி இப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது.

“அன்னைக்கி எனக்குப் பதிலா மெஷின்ல படுத்தது ஒங்கண்ணன்ளா!”